ஒப்புக்கொடுத்தலும் ஒதுக்கிவைத்தலும்: தமிழகத் திருச்சபை வரலாற்றில் சில பக்கங்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் விராலிமலை இருக்கிறது. குன்றின் உச்சியில் முருகன் கோயில். அடிவாரத்திலும் பாறையிடுக்குகளிலும் மயில்கள். அருணகிரிநாதரின் பாடல் பெற்ற தலம் அது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் ஆளுகைக்குள் இருந்த இவ்வூர், 1948-ஆம் ஆண்டில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று.

இக்கோயிலில் வேறெங்கும் காண்பதற்கரிய ஒரு வழக்கம் உண்டு. முருகனுக்குச் சுருட்டு படைக்கப்படுகிறது. கருப்பமுத்து என்னும் அடியவர் ஒரு நாள் கோயிலுக்குப் புறப்பட்டு வருகையில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் புரண்டது. கரையில் நடுங்கி நின்றவர் குளிருக்காகச் சுருட்டொன்றைப் பற்றவைத்தார். அருகில் நடுங்கிக்கொண்டிருந்த வேறொரு மனிதருக்கும் ஒன்றைக் கொடுத்தார். அம்மனிதரின் துணையால் ஆற்றைக் கடந்து மலையேறிப் பார்த்தபோது, தாம் கொடுத்த சுருட்டு சந்நிதியில் இருந்தது. வழிவழியாகச் சொல்லப்படும் கதை இதுவே. பின்னாளில் மன்னரொருவர் இவ்வழக்கத்தைத் தகாதென்று நிறுத்த, கனவில் தோன்றி அதைத் தொடரும்படி கட்டளை பிறந்தது என்றும் சேர்த்துச் சொல்வர்.

கிறிஸ்தவ வாசகர் இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகக்கூடும். அவ்வாறு போவது முறையன்று என்று எண்ணுகிறேன். கதையின் உண்மை பொய்யை ஆராய்வது நம் வேலையன்று. தூபம், தீபம், மலர் என்று வழிபாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட பொருள்களின் நடுவில், ஒரு மனிதன் தன் மடியில் முடிந்துவைத்திருந்த அன்றாடப் பொருள் வந்து அமர்ந்துவிட்டது என்பதே அதில் நாம் நோக்கவேண்டியது. ஆலயத்துக்குக் கொண்டுவரத் தக்கது, வீட்டிலேயே விட்டுவரத் தக்கது என்று நாம் போட்டுக்கொண்ட கோட்டை அக்கதை சற்று அழிக்கிறது. வாழ்க்கையின் எல்லாப் பகுதிகளையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தல் என்று நம் பிரசங்க மேடைகளில் இடைவிடாது முழங்கும் சொற்றொடரைப் பற்றி எண்ணத் தொடங்குவதற்கு விராலிமலை ஏற்ற இடமாக எனக்குப் பட்டதற்குக் காரணம் இதுதான். மற்றொரு காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் தம் வாசகரிடம் கேட்பது அவர்களுடைய சரீரங்களை. ஆத்துமாவை என்று அவர் எழுதியிருந்தால் நமக்கெல்லாம் எளிதாயிருந்திருக்கும். ‘சோமா’ என்னும் கிரேக்கச் சொல் உண்ணும், உழைக்கும், உடுத்தும், மணம்புரியும், பிறரோடு அமர்ந்திருக்கும் முழு மனிதனைக் குறிப்பது. அச்சரீரத்தைப் பலியாகப் படைப்பதைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் ‘ஒப்புக்கொடு’ என்னும் சொல்லை ஆளுகிறது. அதே நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் பிதா தம் குமாரனை நமக்காகத் தந்ததைக் கூறுமிடத்திலும் தமிழில் அதே சொல்லே வருகிறது. கிரேக்க மூலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு வினைச்சொற்கள். மொழிபெயர்ப்பாளர் இதை எண்ணிச் செய்தாரோ எண்ணாமற் செய்தாரோ, தமிழ் வாசகன் முன்னே கொடுத்தவரையும் பின்னே கொடுக்கிறவனையும் ஒரே சொல்லால் அறிகிறான். அர்ப்பணம், தத்தம், பிரதிஷ்டை, சரணாகதி என்று வேறு சொற்களும் நம்மிடம் உண்டு. ‘ஒப்பு’ என்பதில் உள்ள மனவிசைவு அவற்றில் எல்லாம் இல்லை.

மனவிசைவு இல்லாத ஒப்புக்கொடுத்தலுக்கும் தமிழில் பெயர் உண்டு: நேர்ந்துவிடுதல். ஆட்டை நேர்ந்துவிடுவர், சேவலை நேர்ந்துவிடுவர், ஒரு காலத்தில் பெண்பிள்ளைகளையும் நேர்ந்துவிட்டனர். விராலிமலைக் கோயில் சதிராட்டத்துக்கும் குறவஞ்சிக்கும் பேர்போனது. இங்கே சிறுமியாயிருந்தபோதே பொட்டுக்கட்டப்பெற்று, இறைவன் முன் ஆடியும் பாடியும் வந்த முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அம்முதிய கலைஞர் தம் கலையைப் பெருமையோடு பேணினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்கவேண்டும் என்று சென்னைச் சட்டமேலவையில் 1927 முதல் போராடியவர், இதே புதுக்கோட்டைச் சீமையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர் விரும்பிய சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. தெய்வத்துக்கென்று கொடுக்கப்பட்டவள் கொடுத்தவர்களின் விருப்பப்படி கொடுக்கப்பட்டாள். அவளிடம் எவரும் கேட்கவில்லை. 1901-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் கோயில் வீடொன்றிலிருந்து ஓடிவந்து ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்த சிறுமியின் வரலாறும், அதிலிருந்து வளர்ந்த டோனாவூர்ப் பணியும் நம் வாசகர் நன்கு அறிந்தவையே.

இதைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. பிள்ளை நோயுற்றால் ‘பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று பொருத்தனை செய்யும் தாய்மார் நம் சபைகளில் எத்தனை பேர்! இறையியற் கல்லூரிகளில் சேரவரும் இளைஞரிடம் அழைப்பைப் பற்றிக் கேட்டால், தம் அழைப்பைச் சொல்லாமல் தாயின் பொருத்தனையைச் சொல்வோர் பலர். அன்னாளும் அப்படியே செய்தாள் என்பர். உண்மை. ஆனால் ஆண்டவர் சாமுவேலைத் தனியே பெயர்சொல்லி அழைத்தார் என்பதும், அவன் தன் வாயால் மறுமொழி கொடுக்கும்வரை அழைத்துக்கொண்டே இருந்தார் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

இனி நான் முன்னே குறித்த மற்றக் காரணத்துக்கு வருகிறேன். விராலிமலைப் பகுதியிலேயே ஆவூர் என்னும் சிற்றூர் உள்ளது. பழைய மதுரை மிஷனின் முக்கியமான நிலையங்களுள் ஒன்று அது. அங்கே திருச்சபையை நிறுவியவராகப் போற்றப்படுபவர், தமிழ்க் கத்தோலிக்கர் பெரிய சஞ்சீவிநாதர் என்று வழங்கிய பிரெஞ்சு இயேசு சபைக் குரு ழான் வெனான்ஸ் பூஷே. வீரமாமுனிவரும் அங்கே பணிபுரிந்திருக்கிறார். ஆவூரின் பழைய ஆலயத்தைப் பூஷே 1547-இல் கட்டினார் என்று சுற்றுலா ஏடுகள் அச்சிட்டு வருகின்றன. பூஷே பிறந்ததே 1655-இல். ஒருவர் எழுதிய பிழையை மற்றவர் படியெடுப்பதால் வரும் கேடு இது. வரலாறு எழுதும் மாணவர் எச்சரிக்கையாயிருக்கவேண்டும் என்பதற்காக இங்கே குறிக்கிறேன்.

ஆவூரின் குருமார் எந்த மரபில் வந்தவர்கள்? 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மரபில். ரோமாபுரியின் உயர்குடியில் 1577-இல் பிறந்த அவர், பறங்கியர் என்னும் பெயரோடு கிறிஸ்துவின் பெயரும் சேர்ந்து இழிவுபடுவதைக் கண்டு, தம்மவரின் உடையைக் களைந்து காவி உடுத்தார், புலாலை விட்டார், நாளுக்கு ஒருவேளை உணவு கொண்டார், தமிழையும் வடமொழியையும் கற்றார், தத்துவபோதகர் என்னும் பெயரைத் தாங்கினார். பிறந்த நாட்டையும் மொழியையும் நாவின் சுவையையும் ஒருசேர ஆண்டவருக்கென்று கொடுத்துவிடுதல் எளிய செயலன்று. இன்றைக்கும் நம் நாட்டுக்கு வரும் மேனாட்டார் எவரும் அந்த அளவுக்குச் சென்றதாக நான் அறியேன். புராட்டஸ்டண்டு எழுத்தாளர் சிலர் இதை வேடமென்று எழுதியிருப்பது நேர்மையான தீர்ப்பன்று. ஐம்பது ஆண்டுகள் களையப்படாத வேடத்தை வேடமென்று எப்படிச் சொல்வது?

ஆயினும் ஒரு பகுதி எஞ்சி நின்றது. சந்நியாசியாகிய குரு உயர்ந்த சாதியாரின் குருவாக இருக்கவேண்டுமாயின், தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகக் கலந்து பழகலாகாது. ஆகவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகைக் குருமார் ஏற்பட்டனர். ஆலயங்களிலும் பிரிவினை நின்றது. போப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன், 1704-ஆம் ஆண்டில், நோயுற்ற பறையரின் வீடுகளுக்குள் சென்று திருவருட்சாதனங்களைக் கொடுக்க மறுக்கலாகாது என்பதையும் உள்ளடக்கிய ஆணையொன்றைப் பிறப்பித்தார். அந்த ஆணையை மாற்றும்படி முறையிட ரோமுக்கு அனுப்பப்பட்ட இருவருள் ஒருவர் நம் பூஷே.

இந்த இடத்தில் வரலாற்று மாணவன் சற்றே நிற்கவேண்டும். புதுக்கோட்டைச் சீமையின் வெயிலில் வெறுங்காலோடு நடந்து, சிறையும் அடியும் பட்டு, ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு மனிதர், தம் உயிரைக் கொடுக்கத் தயங்கவில்லை. தாழ்ந்தோர் குடிசையின் வாசற்படியைத் தாண்டுவதைப் பற்றியோ, அது தம் பணி முழுவதையும் அழித்துவிடும் என்று அஞ்சினார். அவர் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. குருக்கள் அக்குடிசைகளுக்குள் சென்றால் மற்றவர் சபையை விட்டே போய்விடுவர் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். ஆயினும் அச்சம் எந்த இடத்தில் தங்குகிறதோ அந்த இடம் இன்னும் ஒப்புக்கொடுக்கப்படவில்லை என்றே கொள்ளவேண்டும்.

‘கத்தோலிக்கரின் கதை நமக்கெதற்கு’ என்பாருக்கு விடை தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கியதிலிருந்து லுத்தரன் சபை வளர்ந்தது. 1718-இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்திலும் சாதிக்கேற்ற தனித்தனி அமர்விடங்கள் இருந்தன. 1733-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார், இந்திய மண்ணில் புராட்டஸ்டண்டு குருத்துவம் பெற்ற முதல் இந்தியர் அவர், வேளாளர். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கவேண்டிய காலம் வந்தபோது, இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரின் பெயர் முன்வந்தது. அவர் தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். வேதத்தைப் படித்தே கிறிஸ்துவிடம் வந்தவர். அடிகளையும் பகைகளையும் தாங்கியவர். தஞ்சைச் சீமையில் சபைகள் தோன்றப் பெருங்காரணமாயிருந்தவர். ஆனால் பறையர். அவர் கையினின்று நற்கருணையைப் பெற மற்றவர் இசையார் என்று மிஷனரிமார் அஞ்சினர். 1741-இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். முறுமுறுத்துச் சபையைப் பிளந்தார் என்று அவரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. தம்மை முற்றிலும் ஒப்புக்கொடுத்தவர் என்று நம் வரலாற்றில் யாரையாவது சொல்லவேண்டுமானால் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் அவர். நம் குருத்துவ வரிசைகளில் அவர் பெயர் இராது.

சுவார்ட்சு ஐயரைப் பற்றி விரிவாக எழுதவேண்டியதில்லை. 1750-இல் வந்து 1798-இல் தஞ்சையில் மரிக்கும்வரை மணம் புரியாமல், திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் அவர் செய்த பணியும், பஞ்சகாலத்தில் அரிசி வாங்கி ஏழைகளுக்கு உணவளித்ததும், கும்பெனியார் கொடுத்த சம்பளத்தைச் சபைக்கும் அநாதைகளுக்கும் செலவிட்டதும் எல்லாரும் அறிந்தவை. பணப்பை ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அவர் வளர்த்த பிள்ளையினிடம் செல்வோம்.

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பன்னிரண்டாம் வயதில் சுவார்ட்சு ஐயரோடு தஞ்சைக்கு வந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் அவருக்குக் கடன்பட்டவர்கள். குறவஞ்சி என்னும் வடிவத்தை எண்ணிப் பாருங்கள். விராலிமலைக்கு ஒரு குறவஞ்சி உண்டு, குற்றாலத்துக்கும் உண்டு. தலைவி காதல்கொள்வாள்; குறத்தி மலைவளம் பாடி வந்து குறி சொல்வாள்; கோயில்களில் சதிர்ப் பெண்கள் அதை ஆடிக்காட்டுவர். அந்த வடிவத்தை எடுத்து, அதன் சந்தத்தையும் நகையையும் விட்டுவிடாமல், பெத்லகேமுக்கு உரியதாக்கினார் சாஸ்திரியார். ஒரு கலைஞன் தன் கலை முழுவதையும் ஆண்டவருக்குக் கொடுப்பதென்றால் என்ன என்பதற்கு நம் மொழியில் இதைவிடச் சிறந்த சான்று காட்ட இயலாது. அரசவையின் ஆதரவைப் பெற்றிருந்தும், சிவனையும் திருமாலையும் பாடியிருந்தால் வந்திருக்கக்கூடிய செல்வத்தை அவர் நாடவில்லை.

அதே மனிதர் 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமாரோடு கடுமையாக மோதினார். தம் தரப்பை விளக்கி எழுதிய நூல்களில் அவர் நான்கு கொடுமைகளை எடுத்துரைத்தார். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்க வற்புறுத்துகிறார்கள் என்பது ஒன்று. பண்டிகைக்கும் மங்கலத்துக்கும் பூக்களைத் தடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. தமிழ்ப் பாடலையும் இசையையும் ஆராதனையினின்று அகற்றுகிறார்கள் என்பது நான்காவது.

இந்நான்கையும் இன்றைக்குப் படிப்பவன் திகைத்துப்போவான். பூவும் பாட்டும் பற்றிய வழக்கில் நாமெல்லாம் சாஸ்திரியாரின் பக்கம். இன்று நம் ஆலயங்களில் கீர்த்தனை ஒலிக்கிறதென்றால் அவர் விட்டுக்கொடுக்காததே காரணம். மொழிபெயர்ப்பைப் பற்றிய வழக்கிலும் அவருக்குச் சார்பாகச் சொல்லத்தக்கவை உண்டு. இரண்டாவதில் மட்டும் அவர் முற்றிலும் தவறினார். எனினும் நான்கும் அவருக்கு ஒரே வழக்காகவே தோன்றின. தமிழனாயிருப்பதும் வேளாளனாயிருப்பதும் ஒன்றென்று அவர் எண்ணினார். சாதி என்பது உலகியல் மரியாதை, ஐரோப்பியரிடையே உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் இல்லையா என்று அவர் தரப்பினர் கேட்ட கேள்விக்கும் அக்கால மிஷனரிமார் நேரான விடை கூறவில்லை. பிரபுவும் பணியாளும் தத்தம் வரிசையில் அமரும் கோயில்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தம் பங்கை ஒப்புக்கொடுக்காதவர் மற்றவரின் பங்கைக் கேட்டனர். இதைச் சொல்வதனால் சாஸ்திரியாரின் தவறு சிறிதாகிவிடாது. ஆனால் அவரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது வரலாறாகாது.

1833 ஜூலையில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை திருச்சபையில் உடனடியாகவும் முழுமையாகவும் ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்குழப்பம் விளைந்தது. நூற்றுக்கணக்கானோர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். உபதேசியார் பலர் வேலையிழந்தனர். பின்னர் 1840-களில் லைப்சிக் மிஷன் தமிழகத்தில் காலூன்றியபோது, சாதியைப் பற்றி அது மென்மையான போக்குடையது என்பதனால் பலர் அதில் சேர்ந்தனர். ஒரே நற்கருணைப் பாத்திரத்தினின்று பருகுவதா இல்லையா என்பதுதான் வழக்கு. கோட்பாட்டில் எல்லாரும் ஒருமனப்பட்டிருந்தனர். உதடு பாத்திரத்தைத் தொடும் இடத்தில் மனம் பிரிந்தது. பவுல் சரீரம் என்று எழுதியதன் காரணம் இங்கே விளங்கும்.

பிரான்சிஸ் ஹாவர்கல் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1874-இல் எழுதிய அர்ப்பணப் பாடல் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, உடன்படிக்கை ஆராதனைகளிலும் வாலிபர் முகாம்களிலும் பாடப்படுகிறது. கை, கால், குரல், பொன், அறிவு என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கும் பாட்டு அது. எழுதி நான்கு ஆண்டுகள் கழித்து, 1878-இல், தாம் பாடிய பொன் தம் பெட்டியிலேயே கிடப்பதை உணர்ந்து, தம் நகைகளில் ஏறத்தாழ ஐம்பதை அவர் மிஷன் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். பாட்டுக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு ஆண்டுகள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. நம் நாட்டில் அப்பாடலை எழுதியிருந்தால் இன்னும் ஓர் அடி வேண்டியிருக்கும். அதை இன்னும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

எழுத முயன்ற இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1882-இல் பிறந்த சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காத்லாந்தின் அலோவா ஊரில் 1891-இல் பிறந்த எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டியது. இங்கிலாந்தில் ஏற்பட்ட நட்பு இந்தியாவிலும் தொடர்ந்தது. மேற்கிந்தியாவில் ஸ்காத்லாந்து மிஷனோடு சிறிது காலம் பணிபுரிந்த இருவருக்கும், வெள்ளையர் மிஷனரி என்றும் இந்தியர் உதவியாளர் என்றும் இருந்த அமைப்பு கிறிஸ்துவின் உறவுக்கு ஒவ்வாததாகத் தோன்றிற்று. 1921-ஆம் ஆண்டில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். புராட்டஸ்டண்டு மரபில் எழுந்த முதல் ஆசிரமம் என்று பொதுவாக அதைக் குறிப்பர். (2019 முதல் திருப்பத்தூர் தனி மாவட்டத்தின் தலைநகர்.)

பெயரைக் கவனியுங்கள். குலம் என்றால் குடும்பம். குருகுலம் என்பதிலும் அச்சொல் உண்டு. நம் ஊர்களில் அச்சொல்லுக்குச் சாதி என்னும் பொருளும் உண்டு. ‘உன் குலம் எது’ என்று கேட்போருக்கு ஒரு விடையைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிவைத்தார்கள். ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் எல்லாரும் அழைத்தனர். வெள்ளைக்காரர் இளையவராகவும் தமிழர் மூத்தவராகவும் அமைந்த ஒரு கிறிஸ்தவ நிறுவனம் 1921-இல் எவ்வளவு அரிதென்பதை, பழைய மிஷன் அறிக்கைகளைப் புரட்டியவர் அறிவர். சம்பளம் என்பது இல்லை. கதர் உடை, தரையில் அமர்ந்து எளிய உணவு, நோயாளிகளுக்கு மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி. ஜேசுதாசன் தமிழில் பாடல்கள் இயற்றினார். ஆசிரமங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1937-இல் வெளிவந்தது. 1930-களின் தொடக்கத்தில் உருப்பெற்ற ஜெபாலயம், திராவிடக் கோயிற்கலையின் வடிவில், கோபுரத்தோடு நிற்கிறது. நொபிலி உடையில் செய்ததை இவர்கள் கல்லில் செய்தனர். நொபிலி செய்யாததைப் பந்தியில் செய்தனர்.

அரசியலை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கலாமா? அக்கால மிஷன்களில் பெரும்பாலானவை அந்தப் பகுதியை அரசாங்கத்துக்கு ஒப்புக்கொடுத்திருந்தன என்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். 1932 சனவரியில், சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில் கதர் உடையோடு நின்றுகொண்டிருந்த பேட்டனைக் காவலர் தடியால் அடித்தனர்; வண்ணநீரைப் பீய்ச்சினர். அவருடைய வெள்ளைத் தோலைக் கதர் மறைத்துவிட்டது போலும். இலண்டன் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அதே தெருவில் அதே தடியால் அடிபட்ட தமிழர் எத்தனையோ பேருக்காக அங்கே கேள்வி எழவில்லை.

இவ்வாசிரமத்தைக் குறையற்றதாகக் காட்ட நான் விரும்பவில்லை. இராட்டையின் நூலை உடுத்திய அவ்வாசிரமத்துக்கு அலோவா ஆலைகளின் செல்வமும் துணைநின்றது. செல்வத்தைத் துறந்த பேட்டன் அதை ஆசிரமத்துக்காகவே துறந்தார். அதில் தவறில்லை, ஆனால் துறப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் அதே வழியில் ஓர் ஆசிரமம் தொடங்க முடியுமா என்னும் கேள்வி எஞ்சுகிறது. அதனினும் பெரிய கேள்வி இல்லறத்தானைப் பற்றியது. ஆசிரம உறுப்பினர் மணமாகாதவர். மனைவியும் மக்களும் கடனும் காணியும் உள்ள மனிதன், சாதி சனத்தின் நடுவே குடியிருப்பவன், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடவேண்டியவன், என்ன செய்வான்? துறவிக்குச் சாதியைத் துறப்பது ஒப்புநோக்க எளிது. அவனுக்குச் சம்பந்திகள் இல்லை. நம் நாட்டில் துறவியின் ஒப்புக்கொடுத்தலைப் போற்றுவதில் நமக்குத் தயக்கமே இல்லாததன் காரணம், அது நம்மை ஒன்றும் கேட்பதில்லை என்பதாயிருக்கலாம்.

சாதி தங்கியிருக்கும் இடம் திருமணம். பந்தியிலும் பாத்திரத்திலும் இன்று பெரும்பாலான சபைகளில் வேற்றுமை காட்டுவோர் இலர்; 1833-இல் வில்சன் கேட்டது, வெளிப்பார்வைக்கு, நடந்தேறிவிட்டது. ஆனால் கிறிஸ்தவ இதழ்களின் மணமகன், மணமகள் தேவைப் பகுதியைத் திறந்து பாருங்கள். மறுபிறப்பின் அனுபவம், அபிஷேகம், ஊழிய வாஞ்சை எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றின் நடுவே சாதியின் பெயரும் இருக்கும். விளம்பரம் கொடுத்த தகப்பன் பொய்யனல்லன். அவன் தன் பணத்தில் தசமபாகம் கொடுக்கிறவன். அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறவன். தன் மகளுக்காகக் கண்ணீர்விடுகிறவன். அவனுக்கு ஆலோசனை சொல்லவேண்டிய குருவானவர் தம் மகனுக்குப் பெண் தேடும்போது அதே பகுதியைத்தான் திறக்கிறார். இறையியற் கல்லூரிகளில் சாதியொழிப்பைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்ற இளைஞர் சிலரின் திருமண அழைப்பிதழைக் கையில் வாங்கும்போது ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்ப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். நானும் அவ்வாசிரியரில் ஒருவன்.

ஜேசுதாசன் 1969-இலும் பேட்டன் 1970-இலும் மரித்தனர். பெரியண்ணனும் சின்னண்ணனும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய ஜெபாலயத்தைக் காண இன்றும் நம் மாணவர் செல்கின்றனர்; கோபுரத்தையும் தூண்களையும் படம் எடுத்துத் திரும்புகின்றனர். வழியில் நேரமிருந்தால் பந்தி நடந்த இடத்தையும் கேட்டுப் பார்த்து வரும்படி நான் சொல்லியனுப்புவதுண்டு.